எலும்பா நரம்பா என்று கேட்பவர்களுக்கு

இன்டர்ன்ஷிப் முடிக்கப் போகும் பிள்ளைகள் வருஷம் தவறாமல் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “மேடம், எம்.பி.டி.க்கு ஆர்த்தோ எடுக்கட்டுமா, நியூரோ எடுக்கட்டுமா?” எம்.பி.டி. என்பது பிசியோதெரபி மேற்படிப்பு; ஆர்த்தோ எலும்பு, மூட்டுப் பிரிவு, நியூரோ மூளை, நரம்புப் பிரிவு. மும்பையிலேயே பிசியோதெரபி படித்து, இங்கேயே வேலை பார்த்து, இரண்டு பிரிவிலும் நின்றவள் என்பதால் கேட்கிறார்கள். நானும் ரொம்ப நாளாக ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். சீக்கிரம் பலன் தெரிய வேண்டும், சாயந்திரம் சொந்தமாக ஒரு கிளினிக் போட்டு நாலு காசு பார்க்க வேண்டும் என்றால் ஆர்த்தோ. பொறுமை இருக்கிறது, மூளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை, ஒரு விரல் அசைந்தால்கூட அன்றைக்குத் தூக்கம் நன்றாக வரும் என்றால் நியூரோ. கேட்க நன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகளும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் சயானிலிருந்து ரயில் ஏறி வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தப் பதில் எனக்கே உறுத்த ஆரம்பித்துவிடும். அதில் பொய் எதுவும் இல்லை. பிசியோதெரபிஸ்ட்டுக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டுமே இருக்கிறது, நோயாளியைக் காணோம்.

இந்த உறுத்தலைப் பற்றி எழுத வேண்டும் என்று பல முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

டிகிரிக் கணக்கு

ஆர்த்தோவில் ஒரு பெரிய நிம்மதி, பாதை தெரியும். மூட்டு மாற்று அறுவை நடந்த மறுநாளே, முடிந்தால் அன்றைக்கே, நோயாளியை எழுப்பி நிற்க வைக்கிறோம். ரத்தம் உறையாமல் இருக்கப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்கிறோம். முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து “அழுத்துங்க, அழுத்துங்க” என்கிறோம். கோனியோமீட்டரை வைத்து எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்த்து ஃபைலில் எழுதுகிறோம். அளவு ஏற ஏற எல்லாருக்கும் சந்தோஷம். சர்ஜன் சிரிப்பார், மகன் கைகூப்புவான்.

மாட்டுங்காவில் ஒரு மாமிக்கு இரண்டு முட்டியும் மாற்றியிருந்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுப் பதினைந்து டிகிரி வந்துவிட்டது. இது நல்ல கணக்கு. சமதளத்தில் நடப்பதற்கு அறுபது, அறுபத்தைந்து டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்கத் தொண்ணூறு சொச்சம். தாழ்வான நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இன்னும் கொஞ்சம். எல்லாம் வந்தாயிற்று என்று நான் பெருமையாகச் சொன்னால், மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ நூத்திப் பதினஞ்சுங்கறே. நான் ஸ்வாமி முன்னாடி தரையிலே உட்கார்ந்து ஒரு நமஸ்காரம் பண்ண முடியலையே, கொழந்தே.” குந்தி உட்காரவும் சம்மணம் போடவும் நூற்றிருபதைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டும். செயற்கை மூட்டு தேய்ந்துவிடும் என்று பெரும்பாலான சர்ஜன்கள் அதை வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறார்கள். ஆக, வைத்தியம் வெற்றி, மாமிக்கு வருத்தம். அந்தக் கட்டடம் புதுசாகக் கட்டியது, லிஃப்ட் உண்டு, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டு. பூஜை அலமாரியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்ததோடு பிரச்சினை தீர்ந்தது. அதே முட்டி, அதே நூற்றுப் பதினைந்து டிகிரி, பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டிய ஒருவருக்கு வந்திருந்தால்? அப்போது இந்தக் கேள்வி ஒரு நிமிஷம் தலையைக் காட்டியது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நோயாளி செம்பூரில் காத்திருந்தார்.

“எப்ப நடப்பாரு?”

நியூரோவில் பாதை தெரியாது. பக்கவாதம் வந்தவரை முதலில் பார்க்கும்போது கை துணி மாதிரி தொங்கும். வாரங்கள் போகப் போக அதே கை இறுகி, முழங்கை மடங்கி, விரல்கள் சுருண்டு நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். தொங்கும் காலத்தில் வீட்டில் உள்ளவர்கள் அந்தக் கையைப் பிடித்தே தூக்கி உட்கார வைப்பார்கள். தோள் மூட்டைப் பிடித்து வைக்க வேண்டிய தசைகளே செத்துக் கிடக்கும் நேரம் அது. மூட்டு நழுவும், அப்புறம் மாசக்கணக்கில் தோள் வலி. இதை எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த தடவை போகும்போது யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

குடும்பம் கேட்பது ஒரே கேள்வி: “எப்ப நடப்பாரு?” சாப்பிடுவாரா, பேசுவாரா, தானாக எழுந்து உட்காருவாரா என்று கேட்பவர்கள் குறைவு. நடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பு. அவசரப்பட்டுப் புறா ரத்தம் தடவியவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் போட ஊருக்குக் கூட்டிப் போய், மூன்று மாதம் கழித்து இறுகிய காலோடு திரும்பி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் மூன்று மாதத்தில்தான் மூளை வேகமாகத் தேறும். அது அப்படியே போய்விட்டது என்று வயிறு எரியும். அதற்காக முதல் நாளே போட்டு உலுக்கவும் கூடாது. பக்கவாதம் வந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நோயாளியை அடிக்கடி எழுப்பி, அதிகமாக நடமாட வைத்தால் நல்லதா என்று ஐந்து நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் லான்செட்டில் வந்தது. அப்படிச் செய்தவர்கள் மூன்று மாதம் கழித்துக் கொஞ்சம் மோசமாகவே இருந்தார்கள். சீக்கிரம் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது.

இன்னொரு ஆய்வு என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. 2009-ல் வந்தது. பக்கவாத நோயாளிகள் ஒரு தெரபி வேளையில் பாதிக்கப்பட்ட கையை உருப்படியான வேலைக்கு எத்தனை தடவை பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்தில் நின்று எண்ணினார்கள். சராசரி 32. மூளையில் புதுப் பாதை உண்டாவதைக் காட்டிய விலங்குச் சோதனைகளிலோ ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் செய்ய வைக்கிறார்கள். நான் அரை மணி நேரம் வந்து முப்பது தடவை டம்ளரைத் தூக்க வைத்துவிட்டுப் போகிறேன். மீதி இருபத்துமூன்றரை மணி நேரம்? அது வீட்டில் நடக்கிறது, அல்லது நடக்காமல் போகிறது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்களை என்னவென்று கூப்பிடுவது என்பதில் நாட்டில் பெரிய சண்டை. 2025 செப்டம்பரில் மத்தியச் சுகாதாரச் சேவை இயக்குநரகம், பிசியோதெரபிஸ்ட்டுகள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடக் கூடாது என்று கடிதம் எழுதி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எங்கள் வாட்ஸாப் குழுக்களில் தீபாவளி வரை அதே பேச்சு. எனக்கென்னவோ அதில் அவ்வளவு சூடு ஏறவில்லை. தாராவியில் நான் டாக்டர் பாப்பா, கரண்ட் வைக்கிற அக்கா, கோபம் வந்தால் மாலிஷ்வாலி, அதாவது மசாஜ்காரி. கடைசிப் பெயர் மட்டும் கொஞ்சம் குத்தும்.

ஏணி

இனி ஓர் ஏணியின் கதை. தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய அண்ணாச்சி ஒருவர், சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டி இட்லி விற்றவர். மூளையின் இடப்பக்கம் அடைப்பு. வலது கை, கால் விழுந்து, பேச்சும் போய்விட்டது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஹாலில் எங்கள் கண் முன்னால் தேறியவர். இணைகம்பிக்குள் நின்றார், பிறகு கம்பு பிடித்தார், கணுக்காலுக்குப் பட்டை போட்டு ஹாலின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். பயிற்சிக்கென்று எல்லா ஹாலிலும் ஒரு மரப் படிக்கட்டு இருக்கும், இரண்டு பக்கமும் கைப்பிடியோடு, குழந்தைகள் ஏறுகிற உயரத்தில். அதிலும் ஏறி இறங்கிவிட்டார். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சூத்திரம், நல்லவன் மேலே சொர்க்கத்துக்கு, கெட்டவன் கீழே நரகத்துக்கு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வராத கால் முதலில். அண்ணாச்சி அதைப் பிசகாமல் செய்தார். ஃபைலில் ‘படி ஏறி இறங்குவார்’ என்று எழுதி அனுப்பினோம்.

பத்து நாள் போல ஆன பிறகு வீட்டுக்குப் போனேன். தாராவியில் வீட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே ஒரு ரூம், மேலே ஒரு ரூம், மேலே போகச் சந்திலேயே சுவரோடு சேர்த்து நிறுத்திய இரும்பு ஏணி. படியின் அகலம் பாதி பாதம்தான் கொள்ளும், உயரமோ ஆஸ்பத்திரிப் படியைப் போல இரண்டு மடங்கு. மேலிருந்து ஒரு கயிறு தொங்கும், அதைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் ஏறுவது. அண்ணாச்சி மேலே இருந்தார். கீழ் ரூமை ஒரு தையல் கார்கானாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். இட்லி நின்ற பிறகு அந்த வாடகைதான் வீட்டு வருமானம். ‘அவரைக் கீழே மாத்திடுங்க’ என்று சொல்ல வாயெடுத்து, மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டதும் நிறுத்திக்கொண்டேன்.

“எப்படிக்கா கீழ இறக்குதீங்க?” என்று அவர் மனைவியிடம் கேட்டேன். நாலு பேர் தூக்கி இறக்குவார்கள் என்று நினைத்தேன்.

“இறக்கவா? அவுகளேதான் இறங்குதாக. நீங்களே பாருங்க.”

அண்ணாச்சி வாசலுக்கு வந்தார், திரும்பினார், சந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏணியைப் பார்த்து நின்றார். இடது கையில் கயிறு. அக்கா அதற்குள் அவருக்குக் கீழே மூன்றாவது படியில் நின்றுகொண்டு, அவருடைய இடுப்புக்குத் தன் தோளை முட்டுக்கொடுத்து, வராத வலது காலைக் கையால் பிடித்துக் கீழ்ப் படியில் வைத்தார். பிறகு அவராகவே இடது காலை இறக்கினார். அடுத்த படி. பேச்சு வராத மனிதர், ஒவ்வொரு படிக்கும் அக்காவோடு சேர்ந்து “ஒண்ணு... ரெண்டு...” என்று எண்ணிக்கொண்டே இறங்கினார். இடப்பக்க மூளை அடிபட்டவர்களுக்கு நினைத்ததைச் சொல்ல வராது; ஆனால் எண்ணுவது, வேண்டுவது, திட்டுவது போன்ற பழகிய பேச்சு பல பேரிடம் தப்பித்துக்கொள்ளும் என்பது எங்கள் பாடத்தில் உண்டு. ஹாலில் ஒரு தடவைகூட எங்களிடம் எண்ணிக் காட்டவில்லை அவர்.

“பின்னால பார்த்து இறங்கணும்னு யாரு சொல்லிக்குடுத்தா?”

“கயிறு இந்தப் பக்கம்தான கெடக்கு. மூஞ்சிய சந்துப் பக்கம் வச்சு இறங்குனா கயிறு வராத கைக்குல்ல வரும்? ஏணியைப் பார்த்து இறங்குனா நல்ல கைக்கு வரும். அம்புட்டுத்தான்.”

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்தது இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள படிக்கு. இங்கே ஒரே கயிறு, அதுவும் ஒரே பக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் முகம் ஒரே திசையில் இருந்தால் கயிறு எப்போதும் இடது கைக்கே வரும். சூத்திரத்தின் பாதியை, வராத கால் முதலில் என்பதை, அப்படியே வைத்துக்கொண்டு, திசையை மட்டும் மாற்றியிருக்கிறார் அக்கா. நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும் எந்தக் கருவியும் இல்லாமல், அந்த வீட்டுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு நடைப் பயிற்சியை அவர் கண்டுபிடித்து, ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்ய வைத்துக்கொண்டிருந்தார். பொதுக் கழிப்பறைக்குப் போய் வருவதற்கே தினமும் இந்த ஏணி. அங்கே வரிசையில் நிற்க முடியாது என்பதால் கூட்டம் சேருவதற்கு முன், விடியற்காலையில். இரவுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு வாளி வைத்திருந்தார்கள். ஹாலில் நாங்கள் ஒரு வேளையில் வாங்கும் முப்பது தடவை எல்லாம் இந்த ஏணியில் காலை எட்டு மணிக்குள் முடிந்துவிடும்.

நான் அதற்கு மேல் செய்தது கொஞ்சம்தான். முட்டி மடிந்துவிடாமல் இருக்கத் தொடைத் தசைக்குப் பயிற்சி, மேலிருந்து கீழே பின்பக்கமாகக் காலை இறக்கிப் பழக ரூமுக்குள்ளேயே ஒரு தாழ்ந்த பலகை, கயிற்றில் நாலு இடத்தில் முடிச்சு. இவையெல்லாம் வேலை செய்தன. ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது அதற்கப்புறம் நடந்தது. ஒரு நாள் நான் கிளம்பும்போது அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “எனக்கும் கொஞ்சம் கரண்ட் வச்சு விடுங்களேன்” என்றார். ஓர் ஆளின் பாரத்தைத் தோளிலும் இடுப்பிலும் தாங்கித் தாங்கிக் கீழ்முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. காலில் மரத்துப்போவது வேறு தொடங்கியிருந்தது.

அந்தப் பத்துக்குப் பத்து ரூமில் உட்கார்ந்து யோசித்தேன். புருஷன் நியூரோ கேஸ். பொண்டாட்டி ஆர்த்தோ கேஸ். ஆஸ்பத்திரிக்கு வந்தால் இரண்டு பேரும் வேறு வேறு கதவு, வேறு வேறு ஃபைல், வேறு வேறு பிசியோதெரபிஸ்ட். அவருடைய ஃபைலில் அக்காவின் முதுகு இருக்காது. அக்காவின் ஃபைலில் ‘பாரம் தூக்க வேண்டாம்’ என்று யாராவது எழுதியிருப்பார்கள், அந்தப் பாரம் யாரென்று கேட்காமலே. இரண்டு பேரின் நோய்க்கும் நடுவில் இருப்பது ஒரே ஏணி. அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் வைத்தியம் செய்தேன். அவரை எப்படித் தாங்கினால் முதுகு வலிக்காது என்பதை அக்காவுக்கும், உடம்பைக் கொஞ்சம் முன்னே சாய்த்து எப்படித் தன் எடையைத் தானே எடுத்துக்கொள்வது என்பதை அவருக்கும். அவர் எவ்வளவு எடுத்துக்கொண்டாரோ அவ்வளவு அக்காவின் வலி குறைந்தது.

கதவுகள்

அப்புறம் எங்கே பார்த்தாலும் இதுதான் கண்ணில் படுகிறது. அந்தாப் ஹில்லில் ஒருவருக்கு வலப்பக்க மூளையில் அடைப்பு. இடப்பக்க உலகமே அவருக்கு இல்லாமல் போயிருந்தது. தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு ஆள் நடமாட்டம், பேச்சு, டிவி எல்லாம் இடப்பக்கம் வர வேண்டும். அவர்கள் வீட்டில் கட்டிலைப் போட ஒரே இடம், இடப்பக்கம் சுவர். நான் செய்த பெரிய வைத்தியம், தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டது. சீத்தா கேம்ப்பில் மணிக்கட்டு முறிந்த ஒரு வீட்டுவேலை செய்யும் அம்மாவுக்கு எல்லா டிகிரியும் திரும்பிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். துணி பிழிய முடியவில்லை. பிழிவது டிகிரிக் கணக்கில் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் பாடப்புத்தகமே இந்தக் கதவுகளை மதிப்பதில்லை. முட்டியில் அறுவை செய்ததும் தொடைத் தசை ஏன் வேலை செய்ய மறுக்கிறது? தசைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீங்கிய மூட்டிலிருந்து போகும் செய்தியைக் கேட்டு நரம்பு மண்டலம் அந்தத் தசையை அடக்கி வைக்கிறது. ஆர்த்தோவின் முதல் வாரமே நியூரோதான். பக்கவாதத்தில் நழுவும் தோளோ நேராக ஆர்த்தோ. எங்கள் தொழில் இந்த நாட்டில் தொடங்கியதே இப்படித்தான். 1952-ல் மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நாட்டின் முதல் பிசியோதெரபி பள்ளியை அரசும், மாநகராட்சியும், உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தொடங்கியபோது, ஆள் தேவைப்பட்டது போலியோ வந்த பிள்ளைகளுக்கு. போலியோ முதுகுத்தண்டில் உள்ள நரம்பணுக்களைக் கொல்லும் நோய். அதற்கு வைத்தியமோ காலைத் தாங்கும் காலிப்பர் கட்டு, தசைநாணை மாற்றி வைக்கும் அறுவை, குச்சி. அந்தப் பிள்ளைகள் எந்தப் பிரிவு? 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வைரஸ் போலியோ ஒருவருக்கும் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் இப்போது நடுவயது தாண்டி, தேய்ந்த முட்டியோடும் புதுசாகத் தளரும் தசையோடும் என்னிடம் வருகிறார்கள். ரிசப்ஷனில் எந்தக் கதவுக்கு அனுப்புவது என்று இன்னும் குழம்புகிறார்கள்.

ஆஸ்பத்திரிகள் மாறுமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு மணி நேரத்துக்கு நாலு பேரைப் பார்க்கச் சொல்கிற இடத்தில், தாராவி ஏணியைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குப் போய் வருவதற்குக் காப்பீடும் பெரும்பாலும் காசு தராது. என்னால் முடிந்தது, ஆர்த்தோவா நியூரோவா என்று கேட்கும் பிள்ளைகளிடம் பழைய பதிலைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஒரு மாசம் என்னோடு வீடு வீடாக வா, அப்புறம் பேசலாம் என்கிறேன். சிலர் வருகிறார்கள். சிலர் போக்குவரத்துச் செலவு யார் தருவார்கள் என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான், நானே கொடுக்கிறேன்.

நோயாளியின் வீட்டாரிடமும் இப்போதெல்லாம் டிஸ்சார்ஜுக்கு முன்பே வாட்ஸாப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிவிடுகிறேன். வாசல், படி, கட்டில், பாத்ரூம், எல்லாம் நடந்துகொண்டே எடுங்கள் என்று. வருகிற வீடியோவில் முக்கால்வாசி நேரம் டிவியும், ஷோகேஸும், சாமி படமும், பேரனும்தான். அந்தப் படியைக் காட்டுங்க என்று மறுபடி கேட்டால் படி வரும். கழிப்பறையைக் கேட்டால் மட்டும் கொஞ்ச நேரம் பதிலே வராது. அப்புறம், “அது எதுக்கு மேடம், அழுக்கா இருக்கு, கழுவிட்டு நாளைக்கு அனுப்புறோம்” என்று வரும்.